மாமனாருக்கு வந்த மாலையும் மாப்பிள்ளையின் இசைத்தட்டும்

1

இந்த வாரம் என் மகள் ஸ்டெல்லா மழையில் ஓடிவந்தாள். தலை சொட்டச் சொட்ட இருந்தது. கோட்டுக்குள் ஒளித்து நனையாமல் கொண்டுவந்தது ஒரு பாட்டுப் பத்திரிகையை.

"அப்பா, படி" என்றாள்.

என் மகள் எனக்கு மரியாதை தருவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனையை மட்டும் "வாங்க, சாப்பிடுங்க" என்பாள். எட்டு வயதில் இங்கிலாந்துக்கு வந்த பிள்ளை. எந்த மரியாதை யாருக்கு என்பதைக் கப்பலில் வரும்போதே கலைத்துப் போட்டுவிட்டாள். திருத்திப் பார்த்தேன். பூனை கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பத்திரிகையில் என் மாப்பிள்ளை கென்னின் இசைத்தட்டைப் பற்றி ஒரு முழுப் பக்கம். தட்டு மறுபடியும் கடைக்கு வந்திருக்கிறதாம். துக்கத்தை இவ்வளவு உண்மையாகப் பாடியவர்கள் குறைவு என்று உருகி எழுதியிருந்தார்கள். அடியில் எழுதியவர் பெயரைப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே தட்டை நார் நாராகக் கிழித்த அதே ஆள்!

"என்ன தெரசா, அப்ப குப்பைன்னான், இப்ப கோபுரங்கிறான்?" என்று என் மனைவியிடம் கேட்டேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நடுவுல அந்த ஆளு வூட்டுல யாராச்சும் செத்துப் போயிருப்பாங்க" என்றாள்.

இதைவிட நல்ல விமர்சனம் அந்தப் பத்திரிகையில் இல்லை. சரி, இந்தத் தட்டுக்கு எங்கள் தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலை அடிவாரத்தில் கிடைத்த வரவேற்பையும் யாராவது எழுதி வைக்க வேண்டாமா என்று தோன்றியது. லண்டன்காரர்கள் எழுத மாட்டார்கள். நான்தான் எழுத வேண்டும்.

2

கென் பாடுவது ஹார்டு ராக். அது என்னவென்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? நம் பக்கத்தில் கரும்பு ஆட்டுகிற எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அந்த எஞ்சினுக்குக் கோபம் வந்து, அதற்குள் ஒரு ஆள் மாட்டிக்கொண்டு கத்தினால் ஏறக்குறைய அதுதான். நான் பெங்களூரில் ஃபிட்டராக இருந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறைக்கு வந்தவன். எனக்குச் சத்தம் புதிதல்ல. பட்டறையில் எட்டு மணிநேரம் கேட்பதை, டிக்கெட் எடுத்து சாயங்காலமும் ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

விளக்கியவன் டெரிக். கென்னின் அண்ணன். எங்கள் பட்டறையிலேயே வேலை பார்த்தான். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பா, ஸ்பேனர், மேஜை, என் முதுகு, எது கைக்கு அகப்பட்டாலும் தட்டுவான். தம்பி பாடுவான், அண்ணன் டிரம் அடிப்பான். "ஏண்டா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன். "மெஷின் நம்மைப் பார்த்துக் கத்துதில்ல? திருப்பிக் கத்துறோம்" என்றான். அவன் தம்பியைத்தான் ஸ்டெல்லா கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு டெரிக் தாமதமாக வந்தான். மோதிரம் அவன் பையில் இருந்ததால் பாதிரி சாமியாரும் நாங்களும் மாதா கோவிலில் காத்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணமான மறு குளிர்காலத்தில், பனி உறைந்த சாலையில் அவர்களுடைய வேன் புரண்டது. வேனில் டெரிக் மட்டும் இருந்தான்.

கென் அழவில்லை. இங்கே ஆண்கள் அழுவதில்லை. நம் ஊரிலும்தான் அழுவதில்லை. ஆனால் நம் ஊரில் ஆணுக்குப் பதிலாக அழுவதற்கு வீட்டில் பத்துப் பெண்கள் இருப்பார்கள். இங்கே அடக்கத்துக்கு வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு, வானிலை பேசிவிட்டுப் போனார்கள். கென் நேராகப் போய் அறையைச் சாத்திக்கொண்டு ஒரு தட்டுக்கான பாட்டு எழுதினான். வேறொருவனை டிரம்முக்கு உட்காரவைத்துப் பாடி முடித்தான்.

தட்டு வெளிவந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஒருவர், இவ்வளவு சத்தத்துக்குள் துக்கம் நுழைய இடமேது என்று கேட்டார். இன்னொருவர், அண்ணன் போனதற்காக நம் காதுகளை ஏன் பழிவாங்க வேண்டும் என்று எழுதினார். இப்போது உருகி எழுதியிருக்கிற நம்முடைய ஆள்தான் எல்லோரையும் மிஞ்சினார்: சாவை விற்றுப் பிழைப்பதற்கு ஒரு குரல் வளமாவது வேண்டாமா என்றார்.

அன்றோடு கென் பாட்டை நிறுத்தினான். கொஞ்ச நாளில் பேச்சும் நின்றுபோனது. கேட்டால் "ம்" என்பான். உப்பு போதுமா என்றால் "ம்". வேலை கிடைத்ததா என்றால் "ம்". ராத்திரியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறான் என்று ஸ்டெல்லா சொன்னாள்.

"அப்பா, அவன் எங்கேயோ போறான்பா. உட்கார்ந்த இடத்துலயே போயிட்டிருக்கான். எனக்குப் பயமா இருக்கு. நாம அவனை எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போலாம்."

எங்கே என்று கேட்டேன்.

"அம்மா ஊருக்கு" என்றாள். இவள் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

3

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. புறப்படுவதற்கு முன் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் விண்ணப்பத்தையும் பழைய பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிறந்தது சேலம் ஜில்லா என்று இதில் இருக்கிறது. நீங்கள் தர்மபுரி என்று எழுதியிருக்கிறீர்கள்."

"பிறந்தப்ப சேலம் ஜில்லாங்க. இப்ப அது தர்மபுரி ஜில்லா."

"எப்போது மாறினீர்கள்?"

"நான் மாறலைங்க. நான் இங்கதான் இருந்தேன். ஜில்லாதான் மாறிச்சு."

"நீங்கள் இங்கே இருக்கும்போது உங்கள் பிறந்த இடம் அங்கே எப்படி மாறும்?"

நியாயமான கேள்வி. கடைசியில் சேலம் என்றே எழுதிக் கொடுத்துவிட்டு, தர்மபுரிக்குப் புறப்பட்டேன்.

சேலத்திலிருந்து பஸ். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில் டிரைவரும் கிளீனரும் மூன்று கல்லை வைத்துச் சோறாக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்து டிரைவர் கரண்டியைத் தூக்கிக் கும்பிட்டார். கென் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வளைவு மறைக்கும் வரை அவர்களையே பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று ஸ்டெல்லா அவன் வாயையே பார்த்தாள். "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

தெரசாவின் அண்ணன் சவரி மச்சான் வீட்டில்தான் தங்கினோம். வத்தல்மலை அடிவாரத்தில் வீடு. என் மாமனார் சின்னப்பனும் அங்கேதான் கிடக்கையில் இருந்தார். இருந்தார் என்றால், போகாமல் இருந்தார். சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலை இரண்டு தடவை கொடுத்துவிட்டுப் போயாயிற்று. இரண்டு தடவையும் மறுநாள் காலையில் களி கேட்டார். சுத்துப்பட்டு ஊர்களில் சொந்தக்காரர்கள் எல்லாம் எந்த நேரமும் சேதி வரும் என்று வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இவருக்காக எத்தினி நாள்தான் காத்துக்கெடக்கிறது? பேரனுக்குக் காது குத்திடலாம்" என்று மச்சான் நாள் குறித்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்தக் காதுகுத்துக்கு.

4

பந்தல் போட்டு, புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒன்று ஊரைப் பார்த்து, ஒன்று மலையைப் பார்த்து. மைக் செட் முனுசாமி அதற்குப் பொறுப்பு. கிழவர் தனக்கும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் கட்டிலோடு தூக்கிவந்து பந்தலின் ஓரத்தில் போட்டிருந்தார்கள். பிள்ளைக்குக் காது குத்தியாயிற்று. பிள்ளை வீறிட்டது. கறி வெந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சவரி மச்சான் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஒரு சேதிங்க! எங்க தங்கச்சி மருமவன் சீமையில பெரிய பாட்டுக்காரரு. சொந்தமா ரெக்கார்டு போட்டவரு. இப்ப அந்த ரெக்கார்டு பாடும். கேட்டுட்டு மொய் எழுதுங்க!"

தெரசாவைப் பார்த்தேன். அவள் மரத்தைப் பார்த்தாள். கென்னுக்குத் தெரியாமல் புடவைகளுக்கு நடுவில் தட்டை வைத்து எடுத்துவந்திருக்கிறாள். இங்கிலீஷ்காரர்கள் ஏசினால் என்ன, தன் பிறந்த வீட்டில் ஒருதரம் பெருமையாக ஒலிக்கட்டுமே என்று அவளுக்கு ஆசை. எதற்காகப் பாடிய பாட்டு என்பதை மட்டும் அண்ணனிடம் சொல்லவில்லை.

"அம்மா, வேணாம்மா!" என்று ஸ்டெல்லா எழுந்தாள். அதற்குள் முனுசாமி ஊசியை வைத்துவிட்டான்.

முனுசாமியின் மெஷினில் வேகம் மாற்றுகிற திருகு எந்தக் காலத்திலோ இறுகிப்போய்விட்டது. சினிமாப் பாட்டின் சின்னத் தட்டு எந்த வேகத்தில் சுற்றுமோ, அந்த ஒரே வேகத்தில்தான் எல்லாம் சுற்றும். கென்னின் தட்டு பெரிய தட்டு. மெதுவாகச் சுற்ற வேண்டியது. மெதுவாகச் சுற்ற வேண்டியது வேகமாகச் சுற்றினால் குரல் மேலே ஏறும். கரும்பு எஞ்சினுக்குள் மாட்டிய ஆம்பிளை கத்துவதாக நான் சொன்னேனே, அந்தக் குரல் இழைந்து, மெலிந்து, உச்சிக்குப் போய், அச்சு அசலாக ஒரு பெண்பிள்ளை நெஞ்சில் அறைந்துகொண்டு அழுகிற குரலாக மாறிவிட்டது.

பந்தல் அடங்கியது. இலை போட வந்தவர்கள் இலையோடு நின்றார்கள்.

"யாருடி இந்தப் பொண்ணு? வயிறெரிஞ்சு அழுவுறாளே!"

"புருசன் போயிட்டான் போலிருக்குது, பாவம்."

"புருசனா? போடி. இது பெத்த புள்ளைக்கு அழுவுற அழுவை."

"ரெண்டும் இல்ல. கூடப்பொறந்தவன். கேளு, நடுவுல திட்டுறா பாரு. கூடப்பொறந்தவனைத்தான் செத்தப்புறமும் திட்டுவாங்க."

மூன்று பேரும் ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாதவர்கள். ஆனால் வழக்குச் சூடு பிடித்துக்கொண்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடினார்கள். லண்டன் பத்திரிகைக்காரர்கள் ஒருவரும் இந்தத் தட்டுக்காக இவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை.

ஸ்டெல்லா முனுசாமியிடம் நிறுத்தச் சொல்லப் போனாள். கென் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தன் குரலைத் தானே அடையாளம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் போகிற யாரோ ஒருத்தி தன் பெயரைச் சொல்லி அழுதால் நாம் எப்படி நிற்போமோ, அப்படி நின்றான்.

5

இன்னொரு குழாய் மலையைப் பார்த்து இருந்தது என்று சொன்னேனல்லவா?

சாமியார் இல்லாத நேரத்தில் கோவிலையும் மணியையும் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மலைப்பக்கத்துக் கொல்லையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். சவரி வீட்டுப் பக்கமிருந்து காற்றில் பெண் அழுகுரல் வந்தது. மாதக்கணக்காக அவர் காத்திருந்த அழுகை அது. ஆட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்த் துக்கமணி அடித்தார். விட்டு விட்டு, ஒவ்வொன்றாக, முறைப்படி.

எங்கள் பந்தலில் மணி கேட்டது. "ஐயோ, யாரு போயிட்டாங்க?" என்று எல்லோரும் திகைத்தோம். யார் என்று விசாரிக்க உபதேசியாரிடம் ஆள் அனுப்பினார் மச்சான். அந்த ஆள் இந்தப் பக்கம் போக, உபதேசியார் அந்தப் பக்கமாக சாவு மாலை கட்டச் சொல்ல ஓடிவிட்டார். சந்திக்கவே இல்லை.

தட்டின் முதல் பக்கம் முடிந்து முனுசாமி இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டான். அதுவும் பாதி ஓடியிருக்கும். தெருமுனையில் புழுதி கிளம்பியது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த சலேத்தம்மா, அதாவது என் மாமனாரின் தங்கை, மணியைக் கேட்டுத் தன் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒருவர் பெரிய சாமந்தி மாலையைத் தோளில் சுமந்து வந்தார். தெருமுனை வரைக்கும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், முனை திரும்பியதும் முறைப்படி அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள்.

பந்தல், வாழைமரம், கூட்டம், குழாயில் ஒருத்தியின் ஓலம். அவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? யாரும் தடுக்க வழியில்லாமல் பந்தலுக்குள் நுழைந்து, வட்டம் கட்டி, கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சலேத்தம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"சந்தைக்குப் போய் எனக்கு
சாயச்சேலை எடுத்தவனே,
சொல்லாம போனியே என்
சோட்டுப் பொறந்தவனே..."

"சாயச்சேலையா? அது சேலத்துல எடுத்த பட்டுடீ!" என்றது கட்டில்.

வட்டம் அப்படியே உறைந்தது. சலேத்தம்மா மெல்லத் திரும்பினாள். என் மாமனார் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார்.

"பட்டெடுத்துக் குடுத்ததைச் சாயச்சேலைன்னு ஊரைக் கூட்டிச் சொல்றியே. போன தடவை நம்ம பெரியண்ணன் செத்தப்பவும் இதே வரியைத்தான் பாடுன. எனக்குன்னு ரெண்டு வரி புதுசா வராதா உனக்கு?"

"அடப்பாவி அண்ணா!" சலேத்தம்மாவுக்கு அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. "உசுரோட இருந்துக்கிட்டு ஏன் பேசாம கெடந்த?"

"நல்லாதான் அழுவுறீங்க, முழுசாக் கேட்டுட்டு எழுந்திரிக்கலாம்னு இருந்தேன். நீதான் கெடுத்துட்ட."

சிரிப்பதா, கும்பிடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. யார் மணி அடித்தது, ஏன் அடித்தது என்று விசாரணை தொடங்கியது. உபதேசியார் மூச்சிரைக்க வந்து குழாயைக் காட்டினார். குழாயிலிருந்து பார்வை முனுசாமிக்குப் போனது. முனுசாமி தட்டைக் காட்டினான். தட்டிலிருந்து எல்லோருடைய கண்ணும் என்னிடம் வந்தது.

சொல்லிவிட்டேன். "இது எங்க மாப்பிள்ளை பாடினதுங்க. அவர் அண்ணன் செத்துப் போயிட்டார். அதுக்காகப் பாடினது."

"காதுகுத்து வூட்டுல இழவுப் பாட்டா!" மச்சானின் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "எவன் வூட்டு இழவையோ எடுத்தாந்து எங்க வாசல்ல போடறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கென்னுக்கு மொழி தெரியாவிட்டாலும் விரல்கள் தெரியும். எல்லா விரலும் தட்டையும் அவனையும் காட்டின. ஐயாயிரம் மைல் தள்ளி வந்தும் அதே தீர்ப்பு. அவன் எழுந்தான். மெஷின் அருகே போனான். ஊசியைத் தூக்கினான். அழுகை நின்றது. தட்டை இரண்டு கையாலும் எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்தான்.

"கென்!" என்று அலறினாள் ஸ்டெல்லா.

"டேய் முனுசாமி, புடிடா அவனை!" கட்டிலிலிருந்து என் மாமனார் போட்ட சத்தத்தில், சாகக் கிடந்தவர் என்பது எல்லோருக்கும் மறந்துபோனது.

முனுசாமி பாய்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

6

"ஒடைக்கறதுக்குத்தான் அவ்வளவு தூரத்துலருந்து தூக்கிட்டு வந்தானா?" கிழவர் என்னைப் பார்த்தார். "மாப்ள, அவன் அண்ணனுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"பொண்ணு கட்டினானா?"

"இல்லைங்க மாமா."

"அழ யாரு இருந்தாங்க?"

தேநீர் குடித்தார்கள், வானிலை பேசினார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "யாரும் அழலைங்க" என்றேன்.

கிழவர் கொஞ்ச நேரம் மாலையைப் பார்த்தார். நல்ல மாலை. நெருக்கமாகக் கட்டி, நடுவில் மரிக்கொழுந்து வைத்தது. தனக்கென்று வந்தது. அதை அவர் பார்த்த பார்வையில் ஆசை இல்லாமல் இல்லை.

"சலேத்து, அதை அந்தப் பையனுக்குப் போடுங்க. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"அதெப்பிடிண்ணா? உனக்குன்னு கொண்டாந்தது."

"வூட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவியா? அழ வந்தவங்க அழாம போவீங்களா?"

அது முடியாது. சாவுக்கு எடுத்த மாலையைத் திருப்பி எடுத்துப்போக நம் பக்கத்தில் யாரும் துணிய மாட்டார்கள். உபதேசியாரும் தலையை ஆட்டினார். "மணியும் அடிச்சிட்டேன். அடிச்ச மணி யாருக்காச்சும் போய்ச் சேரணுமில்ல" என்றார். மச்சானின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "எதா இருந்தாலும் பந்தலுக்கு வெளிய வெச்சுக்கங்க" என்று உள்ளே போனாள். அவள் அனுமதி அவ்வளவுதான். அதுவே பெரிசு.

புளியமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டார்கள். புகைப்படம் இல்லை. முனுசாமி தட்டைத் துண்டால் துடைத்து நாற்காலியில் சாய்த்து வைத்தான். மாலையைச் சார்த்தினார்கள். பெண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். ஆனால் சலேத்தம்மா வாயைத் திறக்கவில்லை.

"பேரு தெரியாம, ஆளு தெரியாம எப்பிடி அழுவுறது? கண்ணு, உங்க அண்ணன் பேரு என்ன?"

ஸ்டெல்லா இங்கிலீஷில் சொன்னாள். கென் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேச மாட்டான் என்றே நினைத்தேன். அவள் மறுபடியும் கேட்டாள்.

"டெரிக்" என்றான்.

"டெரிக்கு. சரி. எப்பிடிப்பட்டவன்? தங்கமானவனா?"

மொழிபெயர்த்துச் சொன்னதும் கென் நிமிர்ந்தான். "இல்லை" என்றான்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்விக்கு இல்லை என்ற பதிலை அவர்கள் கேட்டதே கிடையாது.

"குடிப்பானா?"

"ம். குடிப்பான்."

"உன்னை அடிப்பானா?"

"சின்ன வயசில். என் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொள்வான். என் சட்டையை, என் சைக்கிளை. திருப்பித் தரமாட்டான்." பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் தட்டுத்தடுமாறி வெளியே வந்தன. ஸ்டெல்லாவின் தமிழ் பின்னாலேயே ஓடியது. அவசரத்தில் செருப்புக்கு மரியாதை கொடுத்தாள், டெரிக்குக்குக் கொடுக்கவில்லை. "எல்லாத்துக்கும் லேட்டா வருவான். ஸ்கூலுக்கு லேட். வேலைக்கு லேட். எங்க கல்யாணத்துக்கே லேட். அன்னைக்கும் நாங்க எல்லாரும் அவனுக்காகக் காத்திருந்தோம். ரொம்ப நேரம் காத்திருந்தோம். வழக்கம்போல லேட்டுன்னு நினைச்சு நான் திட்டிக்கிட்டே இருந்தேன்."

ஸ்டெல்லா மொழிபெயர்க்க முடியாமல் நின்றாள். கடைசிப் பகுதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சலேத்தம்மா மாலை சார்த்திய தட்டை ஒருதரம் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் தோளில் கையைப் போட்டு, கண்ணை மூடி எடுத்தாள்.

"தம்பி செருப்பு மாட்டி
தரையெல்லாம் சுத்தினியே,
பனி பெய்யும் சீமையில
பாத வழுக்கிருச்சோ?
எப்பவும் பிந்தி வரும்
என் ராசா டெரிக்கு,
இதுக்கு மட்டும் நீ ஏன்
எல்லாருக்கும் முந்திக்கிட்ட?"

வட்டம் முழுவதும் கடைசி அடியைப் பிடித்துக்கொண்டது. இதற்கு மட்டும் ஏன் முந்திக்கிட்ட, இதற்கு மட்டும் ஏன் முந்திக்கிட்ட என்று திரும்பத் திரும்ப வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு மூன்று பெண்களும், யாருக்கென்று கேட்காமலே உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன பாடறாங்க?" என்று கென் கேட்டான்.

ஸ்டெல்லா அவன் காதில் சொன்னாள்.

அவன் முதலில் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், டெரிக்கைப் பிடித்து மாட்டிவிட்டார்கள் என்பது போல. சிரிப்பு வாயிலேயே திசை மாறியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். சலேத்தம்மா பாட்டை விடாமலே ஒரு கையை நீட்டி அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய ஆள், அந்தச் சின்ன உருவத்தின்மேல் சாய்ந்து, தட்டில் இருந்த சத்தத்தைவிடப் பெரிய சத்தத்தில் அழுதான். எந்த வேகத்திலும் சுற்றாத குரல் அது.

கட்டிலிலிருந்து என் மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார். "இது புதுசு" என்றார் என்னிடம். "பாத்தியா மாப்ள, நெனச்சா அவளுக்கு வரும்."

7

எல்லாம் அடங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பசி தெரிந்தது. மச்சானின் மனைவி அகப்பையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இழவுல உக்காந்தவங்க ஒருத்தரும் தல முழுவாம பந்தியில உக்காரக் கூடாது. புள்ளை இருக்கற வூடு இது."

அதுவும் நியாயம்தான். மச்சான் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டார். காதுகுத்துக்கு வந்தவர்கள், சாவுக்கு வந்தவர்கள், உபதேசியார், முனுசாமி, எல்லோரும் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றோம். துக்கம் அவனுடையது என்பதால் முதலில் கென்னை அனுப்பினார்கள்.

சட்டையோடு மோட்டார்க் குழாய்க்கு நேராகப் போய் நின்றான். தண்ணீர் அவன் தலையில் மோதிச் சிதறியது. பிறகு அவன் வாய் திறந்தது. மோட்டார் சத்தத்தில் எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைத் துப்புகிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கேட்டது. தட்டின் முதல் பாட்டு. ஆனால் கத்தவில்லை. தாழ்ந்து, நிதானமாக, ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடுகிற குரலில் பாடிக்கொண்டிருந்தான். ஒரு கை தொட்டிச் சுவரில் தாளம் போட்டது.

"மாப்ள, பாட்டு நல்லாருக்குது. கறி ஆறுது!" என்று மச்சான் கத்தினார்.

"சீக்கிரம் வாங்க தம்பி, நாங்க இத்தினி பேரு நிக்கறோம்!" இது உபதேசியார்.

கென் காதில் எதுவும் விழவில்லை. ஸ்டெல்லா துண்டை எடுத்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்றிருந்தாள். "குடும்மா, அவருகிட்ட குடு" என்று எல்லோரும் அவளை அவசரப்படுத்தினார்கள். துண்டை நீட்டினால் பாட்டு நின்றுவிடும். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், துண்டை மறைத்துக்கொண்டாள்.